நாலாம் விரல் இல்லாத ஊர்

பியானோக்காரர்கள் விரல்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து, நடுவில் இருப்பவை வரிசையாக இரண்டு, மூன்று, நாலு. என் வலது கையின் நாலாம் விரல், அதாவது மோதிர விரல், ஒரு திங்கட்கிழமை காலையில் என்னைக் கேட்காமலே உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேலே ஒரு சுரவரிசையை ஓட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து தினமும் ஓட்டுகிற வரிசை. கொதிநீரில் போட்ட நண்டின் கால் மாதிரி விரல் மடங்கியது.

முதலில் சிரித்தேன். எது நடந்தாலும் முதலில் சிரித்துவைப்பது என் பழக்கம். சிரிப்பு முந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் பயத்துக்கு உட்கார இடம் இருக்காது என்பது என் கணக்கு. அன்றைக்கு வந்த பயம் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தது. மாதக்கணக்கில் நின்றது.

மறுபடி வாசித்தேன், மறுபடி சுருண்டது. மெதுவாக வாசித்தேன், மெதுவாகச் சுருண்டது. கையை எடுத்து மடியில் வைத்தால் நல்ல பிள்ளை மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தது. மேசை மேல் தாளம் தட்டினேன், அழகாகத் தட்டியது. சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டினேன், மாட்டியது. பியானோக் கட்டையில் வைத்தேன். சுருண்டது.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தூத்துக்குடியில் பியானோ வாசித்துப் பிழைத்த ஒரே ஆள் நான்தான். போட்டியே இல்லாத தொழிலில் முதலிடம் பிடிப்பதில் எனக்கு நிகர் யாருமில்லை. அப்பா மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். அவருக்குப் பிறகு, ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலை என்னுடையது. நான் மெட்ராஸில் ஆறு வருஷம் படித்துவிட்டு, கொழும்பு, பெங்களூர், பம்பாய் என்று வயலின்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன். சொந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் கச்சேரி. கப்பல் ஏஜெண்டுகள், தோணி முதலாளிகள், துறைமுகத்தில் கப்பல் நின்றால் அதன் கேப்டன் என்று ஒரு கூட்டம் வரும். நான் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு உட்காரும்போது முன்வரிசையில் யாராவது ஒரு உப்பள முதலாளி பக்கத்து ஆளிடம், "மிருதங்கம் இன்னும் வரலையோ?" என்று கேட்பார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

அந்த வருஷம்தான் மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஜனவரியில் பெரிய மண்டபத்தில் என் முதல் தனிக் கச்சேரி. ஒன்றரை மணி நேரம், நோட்டுப் புத்தகம் பார்க்காமல், யாருக்கும் பக்கத்தில் இல்லாமல், நடுவில். அதற்காகத்தான் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தேன். மே மாதம் அழைப்பு வந்தது. ஜூனில் விரல் சுருண்டது.

டாக்டரிடம் போனேன். எலும்பு டாக்டர். வாசலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் நழுவியவர்களும், உப்பளத்தில் பாதம் வெடித்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நான், ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு.

"வலிக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"வலிக்கல."

"மரத்துப்போச்சா?"

"இல்ல."

"சோறு பெசஞ்சு சாப்பிடுதீரா?"

"நல்லா சாப்பிடுதேன்."

"கையெழுத்துப் போடும், பாப்போம்."

போட்டேன். என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்து அதுதான்.

"பெறவு என்னவே பிரச்சன?"

"பியானோவத் தொட்டா மட்டும் சுருளுது டாக்டர்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலைப் பார்த்ததைவிட அதிக நேரம். "அப்ப அதத் தொடாம இரும்வே" என்று சொல்லிவிட்டு மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். மூன்று வாரம் தேய்த்தேன். பியானோ முழுவதும் சமையல்கட்டு வாடை அடித்ததுதான் மிச்சம். இப்போது இந்த வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறதாம், புத்தகத்தில் போட்டிருக்கிறார்களாம். அப்போது எனக்கும் என் விரலுக்கும் நடுவில் பெயர்கூட இல்லாத ஏதோ ஒன்று நின்றது. எங்கள் பெரியப்பா காலத்தில் முத்துக்குளிக்கப் போகும்போது, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட ஒரு ஆளை வைத்திருந்தார்களாம். அவன் கரையில் நின்று முணுமுணுத்தால் போதும், முங்குகிறவன் தைரியமாக முங்குவான். எனக்கு அப்படி முணுமுணுக்க யாரும் இல்லை. நான் யாரிடமும் சொல்லாததும் ஒரு காரணம்.

ஆமாம், யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. அவள் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். பத்து விரலாலும் மழை பெய்கிற மாதிரி அடிப்பாள். நான் பொறாமைப்பட்ட ஒரே கலைஞர் அவள்தான். மாலையில் அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது நான் வாசித்தால் ஏதாவது காதில் விழுந்துவிடும் என்று, அவள் ஆபீசுக்குக் கிளம்பின பிறகே வாசித்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு. தூத்துக்குடியில் ஜூன் மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன தவம் என்று. பியானோவுக்குள்ளே கம்பி துருப்பிடிக்காமல் இருக்க இரவும் பகலும் ஒரு பல்பு எரியும். அதன் சூடு வேறு. வேர்த்து ஒழுகியபடி, சொந்த விரலை எதிரி மாதிரி முறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. நாலாம் விரல் வராவிட்டால் என்ன, மற்ற நாலு பேர் இருக்கிறார்களே?

பியானோ நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே எந்த விரல் என்று பென்சிலால் நம்பர் எழுதிக்கொள்வோம். நான் அழிரப்பரை எடுத்தேன். நாலு என்று இருந்த இடமெல்லாம் அழித்துவிட்டு மூன்று அல்லது ஐந்து என்று போட்டேன். கட்டைவிரலை இடையில் இன்னொரு தடவை உள்ளே நுழைத்து, பாலத்துக்குத் தூண் கொடுக்கிற மாதிரி ஒப்பேற்றினேன். கஷ்டமான இடங்களில் வலது கை வாசிக்க வேண்டியதை இடது கையிடம் தள்ளிவிட்டேன். சுரம் சரியாக வந்தது. ஆனால் நாலாம் விரல் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன நொண்டல் இருந்தது. வேகமாக வாசித்தால் தெரியவில்லை. தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜனவரிக்குள் சரியாகிவிடும், அதுவரை இது ஊன்றுகோல் என்று நினைத்தேன்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் முழுமையடைகிறது.

எனக்குப் பதினோரு மாணவர்கள். கான்வென்ட் பிள்ளைகள் ஆறு பேர், பாங்கு குமாஸ்தாக்கள் இரண்டு பேர், ஒரு கன்னியாஸ்திரீ, ஒரு உப்பள முதலாளியின் மருமகள். பதினோராவது ஆள் தோணிக்கார அக்கா. வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்த பிறகு, கொழும்புக்கு வெங்காயமும் உப்பும் கொண்டுபோகிற மூன்று பாய்மரத் தோணிகளைத் தனியாக நின்று நடத்தியவர். கான்வென்டில் படித்தபோது லண்டன் பியானோத் தேர்வில் ஏழாம் கிரேடு வரை முடித்திருந்தார். எட்டுக்குப் படிக்கும்போது கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். "எட்ட முடிக்காம எனக்குக் கண்ணு மூடாது மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு முப்பது வருஷம் கழித்து என்னிடம் வந்தவர்.

எல்லோரும் சனிக்கிழமை வருவார்கள். என் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் முதல் வேலையாக என் புத்தகத்தைப் பார்த்து அவரவர் புத்தகத்தில் விரல் நம்பரைக் காப்பி பண்ண வேண்டும். நான் பேசிச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை. பாடத்தை வாசித்துக் காட்டுவேன், அவர்கள் பார்த்து வாசிப்பார்கள். வாசித்துக் காட்டும்போது என் நாலாம் விரல் அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில், பாடப் புத்தகங்களிலும் நாலை அழித்துவிட்டேன். அவர்கள் காப்பி பண்ணுவார்கள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. என் பயத்துக்குள் நான் ஒருவன்தான் குடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளுங்கக்கா."

"இந்தப் பக்கத்துல நாலயே காணும். போன பக்கத்துலயும் இல்ல. சின்னப் புள்ளைய நோட்டயும் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. நாலு எங்க போச்சு?"

என் காதுக்குள் அலை அடித்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தது உண்மை. அந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"ருஷ்யால இப்ப இப்படித்தான்க்கா. நாலாம் வெரலு மனுஷனுக்குப் பொறப்புலயே பெலங்கெட்ட வெரலு. அத நம்பி வாசிக்கக் கூடாதுன்னு கண்டுபிடிச்சிருக்கான். புது முறை."

"கான்வென்ட்ல சிஸ்டர் எனக்கு நாலு வெச்சுல்லா சொல்லிக் குடுத்தாவ?"

"அது பழைய முறை."

அக்கா யோசித்தார்.

"ருஷ்யாக்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில். "புதுத் துறைமுகத்துக்கு அவன் கப்பலு வருதுல்லா, என்னா சைஸு!"

அடுத்த வாரம் அவர் பயிற்சிப் புத்தகத்துக்கு ருஷ்யப் பத்திரிகையின் வழவழப்பான தாளில் அட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் எல்லோரும் போட்டிருந்தார்கள். பாங்கு குமாஸ்தாக்கள் இரண்டு பேரும் டீக்கடையில் யாரிடமோ பெருமையடித்திருக்கிறார்கள். ரோட்டில் போனால், "என்ன மாஸ்டர், ருஷ்யா முறையாமே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. கன்னியாஸ்திரீ மட்டும், "அங்க கடவுள் நம்பிக்க கெடையாதே மாஸ்டர், அவிய முறைல கோயில்ல வாசிக்கலாமா?" என்று கேட்டார். வாசிக்கலாம் என்று நான் அருள்வாக்குச் சொன்னேன்.

அக்டோபரில் தேர்வு. வழக்கமாக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போவோம். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் லண்டன் தேர்வாளர் எங்கள் ஊருக்கே வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டு ஆள் சேர்த்தவன் நான்தான். பாங்கு குமாஸ்தாக்களை நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். இப்போது நினைத்தால், என்னைப் பிடிக்க வேண்டிய ஆளுக்கு நானே பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூட மாடியில் பியானோ இருந்த அறையில் தேர்வு. மாணவர் தனியாக உள்ளே போக வேண்டும். கதவைச் சாத்திவிடுவார்கள். வாத்தியார் உள்ளே போகக் கூடாது. வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. மழைக்கால ஈரத்தில் பியானோக் கட்டைகள் ஊதியிருக்குமோ என்று காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊதவில்லை. ஊதியிருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம் என்று வருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

முதல் பிள்ளை போனாள். சுரவரிசை கேட்டார் தேர்வாளர். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சீராக ஏறி, நாலாம் விரல் வர வேண்டிய இடத்தில் ஒரு நொண்டல். மறுபடி ஏறி, மறுபடி நொண்டல். வேறு வரிசை கேட்டார். அதே இடத்தில் நொண்டல்.

இரண்டாவது பிள்ளை. அதே நொண்டல். மூன்றாவது ஆள் பாங்கு குமாஸ்தா. அவருக்கு இயல்பாகவே நொண்டல் உண்டு, அதற்கு மேல் இது. கன்னியாஸ்திரீ போனார். எவ்வளவு சுத்தமாக வாசிப்பவர்! அவரும் அதே படியில் தடுக்கினார். என் விரலில் இருந்த கோளாறு வரிசையாக ஒவ்வொரு ஆளின் கையிலும் ஏறி அந்தக் கதவுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தது. வீட்டில், ஒவ்வொருவராக, பக்கத்தில் நின்று கேட்டபோது என் காது இதைக் கேட்கவில்லை. கேட்க விடவில்லை. இப்போது வரிசையாக, ஒரே காலையில், வெளியாளின் காதோடு சேர்ந்து கேட்டபோது ஒவ்வொரு நொண்டலும் கேட்டது. எழுந்து படியிறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், யாரும் பார்க்காதபடி.

அக்காதான் கடைசி. பட்டுச்சேலை, கொண்டையில் கனகாம்பரம். போகும்போது என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே சுரவரிசை தொடங்கியது. நொண்டியது. நின்றது. பேச்சுக் குரல். அக்காவின் கான்வென்ட் இங்கிலீஷ் கணீரென்று கேட்டது: ருஷ்ய முறை, என் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது, மிகவும் நவீனமானது.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்காவுக்குப் பின்னால் தேர்வாளர் வெளியே வந்தார். ஒல்லியான கிழவர். எங்கள் ஊர் வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"இந்த ஊரில் யாருக்குமே நாலாம் விரல் கிடையாதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் சிரித்தேன். நானும் அக்காவும் பிள்ளைகளும் எல்லோரும் சிரித்தோம்.

"நான் ருஷ்யர்கள் நிறையப் பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன்" என்றார். "அவர்களுக்கு நாலு இருக்கிறது. இந்த முறையை எனக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டுகிறீர்களா?"

எனக்கு ஆயிரம் பொய் தெரியும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே பிள்ளைகளும் பெரியவர்களும் வந்து நின்றார்கள், மாஸ்டர் வெள்ளைக்காரனுக்கே பாடம் எடுக்கப் போகிறார் என்று. பி ஃப்ளாட் வரிசையை வாசிக்கச் சொன்னார். பழைய முறையிலேயே வாசியுங்கள், பிறகு புது முறை, வித்தியாசம் பார்ப்போம் என்றார். அந்த வரிசையில் கறுப்புக் கட்டை ஒன்றின்மேல் நாலாம் விரல்தான் வந்து நிற்க வேண்டும். வேறு வழி கிடையாது.

ஏறினேன். நாலாவது விரல் இறங்க வேண்டிய இடம் வந்தது. பதினொரு ஜோடிக் கண்ணுக்கு முன்னால், அவர் கண்ணுக்கு முன்னால், அது சுருண்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

தேர்வாளர் குனிந்து என் விரலைத் தொட்டார். லேசாக நீட்டினார். அது எதிர்ப்பே இல்லாமல் நீண்டது.

"வலிக்கிறதா?"

"இல்லை."

"எவ்வளவு நாளாக?"

"ஜூனிலிருந்து."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு இரண்டு பேரைத் தெரியும், இதே மாதிரி" என்றார்.

"அவர்கள் இப்போது வாசிக்கிறார்களா?"

"ஒருவர் ரோஜாத் தோட்டம் போட்டிருக்கிறார்" என்றார். இன்னொருவரைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜூனிலிருந்து நான் பயந்தது எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது.

தப்பு என்னுடையது, அவர்களுடையது இல்லை, இன்னொரு தடவை வாசிக்க விடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்டதற்குத்தான் மார்க் போட முடியும் என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் திரும்பிப் பார்த்தேன். ருஷ்யாவில் அப்படி எந்த முறையும் இல்லை என்று சொன்னேன். எனக்கு விரல் போய்விட்டது, மறைக்கத்தான் இப்படிச் செய்தேன் என்று சொன்னேன். கூடவே ஒரு வேடிக்கையும் சொல்லப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"சிரிக்காதிய மாஸ்டர். ஒரு நிமிஷம் சிரிக்காம நில்லுங்க."

நின்றேன்.

"கோளாறு ஒங்க வெரலுக்கு. எங்க வெரல எதுக்கு வெட்டுனிய? பதினோரு பேரு வெரல வெட்டிட்டு ருஷ்யா மேல பழியப் போட்டிய. என் தோணில சுக்கான் ஒடஞ்சா தண்டல் மொத ஆளா வந்து சொல்லணும். சொல்லாம ஓட்டுன தண்டலுக்கு அடுத்த நட கெடையாது, பாத்துக்கிடுங்க. நடுக்கடல்ல அவன் மட்டுமா இருக்கான்?"

தண்டல் என்றால் தோணியை ஓட்டும் தலைவன், நடை என்றால் ஒரு பயணம். அக்கா எத்தனை தண்டல்களை இறக்கிவிட்டவர் என்று ஊருக்கே தெரியும். கனகாம்பரம் உதிர உதிரப் படியிறங்கிப் போனார். மற்றவர்களும் போனார்கள். கடைசியாகப் போன சின்னப் பிள்ளை மட்டும், "குட் ஆஃப்டர்நூன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கியள்லா? நாலு மாசமா ஒரு படிய விட்டுட்டு ஏறுதிய. பெஞ்சுல ஒக்காந்திருக்கவளுக்குக் கேக்காதா? சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க ருஷ்யாவச் சொன்னிய."

மெட்ராஸுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றேன். ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய டைப்ரைட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. தாளைச் சொருகினாள்.

"கச்சேரிக்கு வர முடியாததுக்குக் காரணம் என்னன்னு அடிக்க?"

"காய்ச்சல்னு போடுளா."

"ஜனவரில வரப்போற காய்ச்சல அக்டோபர்லயே சொல்லுதியளா?"

அவள் விரல்களை டைப்ரைட்டர் மேல் வைத்துக் காத்திருந்தாள். பத்தும் நேராக இருந்தன.

"விரல்னு போடு" என்றேன். "எந்த விரல்னும் போடு. குணமாகுமான்னு தெரியலன்னும் போடு."

அடித்தாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. இருபது வருஷம் அவ்வளவு சின்னக் கடிதத்தில் அடங்கிவிட்டது. தபால் பெட்டிக்குள் போட்டதும், உள்ளே விழும் சத்தம் கேட்கக் கூடாது என்று வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கதவைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். இந்த முறை அது பொய்யில்லை என்பதில் ஒரு திருப்தி. அவர்கள் வருவார்களோ என்று பயம். வரமாட்டார்களோ என்று அதைவிடப் பயம். பியானோவின் மூடியைத் திறக்கவே இல்லை. உள்ளே பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இடுக்கு வழியாக ஒரு மஞ்சள் கோடு தெரியும். அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

டிசம்பரில் லண்டனிலிருந்து முடிவு வந்தது. ஏழு பேர் எப்படியோ கரையேறியிருந்தார்கள். நாலு பேர் ஏறவில்லை. அக்கா ஏழு மார்க்கில் தவறியிருந்தார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, சனிக்கிழமை பத்து மணிக்கு வாசல் கதவு தட்டப்பட்டது. தட்டின விதத்திலேயே தெரிந்தது.

அக்கா உள்ளே வந்தார். என்னைப் பார்க்காமல் நேராகப் போய்ப் பியானோவைத் திறந்தார். புத்தகத்தைத் தாங்கியில் வைத்தார். ருஷ்ய அட்டையைக் கிழித்திருந்தார்.

"அடுத்த அக்டோபருக்கு எழுதப் போறேன்" என்றார். "எட்டு முடியணும். உக்காருங்க."

"அக்கா, எனக்கு வாசிச்சுக் காட்ட முடியாது."

"யாரு வாசிக்கச் சொன்னா? வாயி இருக்குல்லா? சொல்லுங்க. நான் வாசிக்கேன்."

அவர் பி ஃப்ளாட் வரிசையில் கையை வைத்தார். நாலாம் விரலைத் தூக்கி, இறக்காமல், என்னைப் பார்த்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டு வருஷம் பாடம் எடுத்தவன் வாயைத் திறந்து ஒரு விரல் எப்படி இறங்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம்கூடச் சொன்னதில்லை. எனக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியவில்லை. கை மட்டும்தான் அதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தது. கை போய்விட்டால் எனக்குள் மிச்சம் எதுவும் இல்லாமல் இருந்தால்? அக்கா காத்திருந்தார். விரல் அந்தரத்தில் நின்றது.

"அமுக்காதியக்கா" என்றேன். "அதுவா விழட்டும். கை வெயிட்டோட விழட்டும்."

விழுந்தது. சத்தம் மொட்டையாக வந்தது.

"இப்படியா?"

"இல்ல."

"பெறவு எப்படி?"

யோசித்தேன். என் முழங்கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். "முழங்கையத் தளத்துங்க" என்றேன். "மறுபடி."